மத்தி இன்னும் கடலில்: தவக்கால இத்தாலியச் சமையல் கேள்வி-பதில்

வெள்ளிக்கிழமை சுத்த போசனம் (இறைச்சி விலக்கும் கத்தோலிக்க வழக்கம்) என்றால் எங்கள் பாட்டி முட்டையைக்கூடத் தொடவிட மாட்டார். இத்தாலியர்கள் சீஸை அள்ளிப் போட்டுச் சாப்பிடுகிறார்களே, எப்படி?

பாட்டி சொல்வதும் சும்மா இல்லை. ஒருகாலத்தில் ஐரோப்பாவிலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய், சீஸ் எல்லாம் விலக்கு. லிகூரியா பகுதியில் ஈஸ்டருக்குச் செய்யும் 'தோர்த்தா பாஸ்குவாலினா'வைப் பாருங்கள். மெல்லிய மாவு அடுக்குகளுக்குள் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து, குழி செய்து முழு முட்டைகளை உடைத்து ஊற்றிச் சுடுவார்கள். நாற்பது நாள் ஏக்கம் அதில் தெரியும்! 1917-இல் வந்த திருச்சபைச் சட்டம் முட்டைக்கும் பால் பொருள்களுக்கும் தடையில்லை என்று எழுதியே வைத்துவிட்டது. இன்றைய விதியில் 14 வயது நிறைந்தவர்கள் இறைச்சியை விட்டால் போதும். மீனுக்கும் தடையில்லை.

இந்தச் சாப்பாட்டுக்கு இத்தாலியில் 'தி மாக்ரோ' என்று பெயர். கொழுப்பில்லாத, மெலிந்த சாப்பாடு என்று அர்த்தம். 'ரவியோலி தி மாக்ரோ' என்றால் உள்ளே ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டியும் கீரையும் இருக்கும்.

போலோனீஸ் சாஸில் கைமாவுக்குப் பதிலாகச் சோயா போடலாமா?

போடலாம். நான் போடமாட்டேன். இறைச்சி இருந்த இடத்தில் இன்னொன்றைத் திணித்தால், ஒவ்வொரு வாய்க்கும் இல்லாத கைமாதான் ஞாபகம் வரும். முதலிலிருந்தே இறைச்சி இல்லாத பண்டங்கள் இத்தாலியில் கொட்டிக் கிடக்கின்றன. விரதத்துக்கென்று யோசித்துச் செய்தவை அல்ல. கறி வாங்கக் காசில்லாத வீடுகளின் அன்றாடச் சாப்பாடு. ரோமில் 'வியாழன் ஞோக்கி, வெள்ளி மீன், சனி மாட்டுக்குடல்' என்று ஒரு சொலவடை உண்டு. ஞோக்கி என்பது உருளைக்கிழங்கு மாவு உருண்டை. அந்த வெள்ளிக்கிழமை மீனுக்குப் பக்கத்திலேயே கொண்டைக்கடலையும் இருக்கும்.

ஆகவே 'பாஸ்தா எ செச்சி', அதாவது கொண்டைக்கடலை பாஸ்தா செய்யுங்கள். நாலு பேருக்கு 250 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைத்து, குக்கரில் மசியும் பதத்துக்கு வேகவிடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், ருசியே அதில்தான். அடிகனமான பாத்திரத்தில் ஆலிவ் எண்ணெய், தட்டிய பூண்டு, ஒரு கொத்து ரோஸ்மேரி, ஒரு கரண்டி தக்காளி விழுது. பச்சை வாசனை போனதும் கடலையைத் தண்ணீரோடு சேர்த்து, பாதிக் கடலையை மத்தால் கடைந்துவிடுங்கள். பிறகு 200 கிராம் பொடி பாஸ்தாவை அந்தக் குழம்பிலேயே நேராகப் போட்டு வேகவைக்க வேண்டும். தனியாக வேகவைத்துச் சேர்த்தால் குழம்பு கெட்டிப்படாது. அடி பிடிக்கும், கிண்டிக்கொண்டே இருங்கள். இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டு, மேலே பச்சையாக ஒரு சுற்று ஆலிவ் எண்ணெய். ரோஸ்மேரிக்குப் பதில் கறிவேப்பிலை போடலாமா என்று அடுத்த கடிதம் வரும். போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது சுண்டல் குழம்பு.

பூண்டு ஸ்பகெட்டி செய்தால் பூண்டு கருகிக் கசக்கிறது. எண்ணெயும் அடியில் தங்கிவிடுகிறது.

எண்ணெய் காய்ந்த பிறகு பூண்டைப் போடுகிறீர்கள். நம் தாளிப்புப் பழக்கம்! இதற்கு மட்டும் அதை மறந்துவிடுங்கள். ஆறிய எண்ணெயிலேயே பூண்டுச் சீவலைப் போட்டு, அப்புறம் அடுப்பைச் சிறு தீயில் பற்றவையுங்கள். ஓரம் பொன்னிறம் காட்டும்போது காய்ந்த மிளகாய், உடனே ஒரு கரண்டி பாஸ்தா வெந்த தண்ணீர். அதிலிருக்கும் மாவுச்சத்துதான் எண்ணெயையும் நீரையும் பிணைக்கிறது. ஸ்பகெட்டியை இரண்டு நிமிடம் முன்னதாகவே எடுத்து, அந்தச் சட்டியில் புரட்டி வேகவையுங்கள்.

மாமியார் சுத்த சைவம். பார்மிஜானோ சீஸ் அவருக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குப் பால் திரிப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால்தான். அதன் விதியே அப்படி. செம்மறிப்பால் சீஸான பெக்கோரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். சுத்த போசனத்துக்கு இது தடையில்லை, சைவத்துக்குத் தடை. பச்சைப் புள்ளி போட்ட உள்ளூர் சீஸ் வாங்குங்கள்.

தூத்துக்குடியில் சாளை மலிவாகக் கிடைக்கிறது. அதை வைத்து இத்தாலிய முறையில் ஏதாவது?

கொடுத்துவைத்தவர் நீங்கள். சாளை, மத்தி எல்லாம் ஒரே கூட்டம்தான். சிசிலியின் பலெர்மோவில் 'பாஸ்தா கோன் லெ சார்தெ' (மத்தி பாஸ்தா) என்று செய்வார்கள், முக்கியமாக மார்ச் 19, சூசையப்பர் திருநாளன்று. காட்டுப் பெருஞ்சீரகத் தழையை வேகவைத்து, அந்தப் பச்சைத் தண்ணீரிலேயே பாஸ்தாவையும் வேகவைப்பார்கள். தழை கிடைக்காவிட்டால் சதகுப்பைக் கீரையும் அரை ஸ்பூன் சோம்பும் சேர்த்துச் சமாளிக்கலாம். வெங்காயத்தை எண்ணெயில் குழைய வதக்கி, உலர் திராட்சை, பைன் கொட்டை, பாலில் இல்லாமல் வெந்நீரில் கரைத்த குங்குமப்பூ. முள் நீக்கிய சாளை கடைசியில். ஐந்து நிமிடம் போதும். மீனில் திராட்சையா என்று முகம் சுளிக்காதீர்கள், 9-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அரபு ஆட்சி சிசிலி நாக்கில் விட்டுப்போன ருசி அது.

சீஸ் தூவக்கூடாது. பழைய ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் வறுத்துத் தூவ வேண்டும், ஏழை வீட்டுச் சீஸ் அதுதான். தச்சரான சூசையப்பரின் மரத்தூள் என்றும் சொல்வார்கள்.

மீன் வாங்க வழியில்லாத நாளில் மற்றதெல்லாம் போட்டுச் செய்துவிட்டு, 'மத்தி இன்னும் கடலில் இருக்கிறது' என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: சார்தெ அ மாரே. இந்தக் குசும்புக்காகவே சிசிலிக்காரர்களை எனக்குப் பிடிக்கும்.

இனிப்பு?

ஃபிளாரன்ஸில் 'குவாரேசிமாலி' என்று கோகோ நிறத்தில் பிஸ்கட். மாவு, சர்க்கரை, கோகோ, முட்டை வெள்ளைக்கரு. வெண்ணெயும் மஞ்சள் கருவும் கிடையாது. எழுத்து வடிவத்தில் இருக்கும். பிள்ளைகள் தங்கள் பெயரை அடுக்கிவிட்டுத் தின்னுவார்கள்.

மார்ச்சில் இத்தாலி போகிறோம். 'சென்ஸா கார்னே' என்று சொன்னால் போதும்தானே?

போதாது. 'கறி வேண்டாம்' என்றால் ஹாம் போட்டுக் கொண்டுவருபவர்கள் உண்டு. அது கறிக் கணக்கில் வராதாம். பீன்ஸ் சூப்பில் பன்றித்தோல் கிடக்கலாம், மினெஸ்த்ரோனே என்ற காய்கறி சூப்பைப் பன்ச்செத்தாவில் (உப்பிட்ட பன்றி வயிற்றுக்கறி) வதக்கியிருக்கலாம். நேப்பிள்ஸில் ஒரு வெள்ளிக்கிழமை மிளகும் பாதாமும் போட்ட, வளையம் போன்ற தாராலோ பிஸ்கட் இரண்டைத் தின்று முடித்த பிறகுதான், அந்த மொறுமொறுப்பு பன்றிக்கொழுப்பால் வந்தது என்று எனக்குத் தெரிந்தது. சமையலுக்குச் சேர்க்கும் கொழுப்புக்குத் திருச்சபை தடை சொல்லவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நீங்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: பன்ச்செத்தா, கோத்திகா (பன்றித்தோல்), ஸ்த்ருத்தோ (பன்றிக்கொழுப்பு).

அப்புறம், மற்ற இடங்களில் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று மிலானில் இருந்தால் திகைக்காதீர்கள். அங்கே அந்த ஊருக்கே உரிய அம்புரோசிய வழிபாட்டு முறை. தவக்காலம் அடுத்த ஞாயிறுதான் தொடங்கும். அதுவரை, சனிக்கிழமை உட்பட, ஊர் கார்னிவல் கொண்டாடிக்கொண்டிருக்கும்.