அக்டோபரில் வைக்கோல் தொப்பி

அன்புள்ள ஐயா,

கொஞ்ச நாளாக இரவில் தூக்கம் வராதபோதெல்லாம் பழைய அமெரிக்கப் புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1920களின் நியூயார்க் தெருக்கள், ரயில் நிலையங்கள், பேஸ்பால் மைதானங்கள். வெறுந்தலையோடு ஒரு ஆணைக் கண்டுபிடிப்பதே பாடாக இருக்கிறது. இணைத்திருக்கும் படத்தைப் பாருங்கள். மைதானம் முழுக்க வைக்கோல் தொப்பி. கீழே 'உலகத் தொடர் ஆட்டம்' என்று போட்டிருக்கிறார்கள். ஏன் எல்லோரும் தொப்பி போட்டார்கள், அப்புறம் ஏன் விட்டார்கள்? கென்னடி தொப்பியில்லாமல் பதவியேற்றதால்தான் அந்தப் பழக்கம் ஒழிந்தது என்கிறார்களே, நிஜமா?

ரா., திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

படத்தின் கீழே உள்ள குறிப்பை நம்பாதீர்கள். உலகத் தொடர் என்பது அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டி, அக்டோபரில் நடப்பது. அந்தக் காலத்து நியூயார்க்காரர் அக்டோபரில் வைக்கோல் தொப்பியோடு வெளியே கிளம்ப மாட்டார். கிளம்பினால் தொப்பி முழுசாக வீடு திரும்பாது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தட்டையான உச்சி, அட்டை போல விறைத்த விளிம்பு, சுற்றிலும் ஒரு ரிப்பன்: உங்கள் படத்தில் இருப்பது அந்த 'போட்டர்' தொப்பிதான். மே மாத நடுவில் அது தலையேறும், செப்டம்பர் 15இல் இறங்கிவிட வேண்டும். சட்டமெல்லாம் கிடையாது, ஊர் வழக்கம். கெடு தாண்டியும் போட்டிருப்பவரின் தொப்பியைத் தட்டிப் பறித்துக் காலால் மிதிப்பதைப் பையன்கள் ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்கள். 1922இல் அவர்களுக்குப் பொறுமை இல்லை, இரண்டு நாள் முன்னதாக 13ஆம் தேதியே ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் ஆலைத் தொழிலாளர்களின் தொப்பிகளை மிதித்தார்கள். பிறகு துறைமுகக் கூலிகளிடம் கை வைத்தார்கள். அவர்கள் சும்மா விடுவார்களா? கைகலப்பு முற்றி மன்ஹாட்டன் பாலத்தில் போக்குவரத்தே நின்றது. மறுநாளும் ஓயவில்லை. நுனியில் ஆணி அடித்த கம்புகளோடு பையன்கள் தெருத்தெருவாகத் திரிந்தார்கள். பிடிபட்டவர்களை விசாரித்த நீதிபதி, ஜனவரிப் பனியில்கூட ஒருவர் வைக்கோல் தொப்பி போட்டுக்கொள்ளலாம், அது அவர் உரிமை என்றார். அவர் பெயர் ஹாட்டிங், ஆங்கிலத்தில் 'ஹாட்' என்றாலே தொப்பிதான். நான் கட்டிய கதை இல்லை, நிஜமாகவே அதுதான் பெயர்.

ஏன் போட்டார்கள் என்றால் வெயில், குளிர், நிலக்கரிப் புகை எல்லாம் உண்டு. ஆனால் முக்கியமானது மரியாதை. நம் ஊரில் தோள்துண்டு பேசிய பாஷையை அங்கே தொப்பி பேசியது. யாரைக் கண்டால் தொடுவது, எங்கே கழற்றுவது, எவ்வளவு நேரம் கையில் வைத்திருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் முறை இருந்தது. தொழிலாளிக்குத் துணித் தொப்பி, வங்கிக்காரருக்கு ஃபெல்ட் தொப்பி, அதாவது மயிரை அழுத்திப் பின்னிய துணியில் செய்தது. முகம் மங்கிப்போன படத்திலும் ஆள் யாரென்று தலையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

படத்தில் தெரியாத ஒன்றும் இருக்கிறது. நல்ல ஃபெல்ட் தொப்பியை முயல், பீவர் போன்ற விலங்குகளின் மென்மயிரில் செய்தார்கள். மயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதற்காகத் தோலில் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவிக் காய வைப்பார்கள். மயிர் நுனி ஆரஞ்சு நிறமாகும் என்பதால் அந்த வேலைக்கே 'கேரட் போடுவது' என்று பெயர். அப்புறம் சூடும் நீராவியுமாக வேலை நடக்கும்போது பாதரச ஆவி கிளம்பும். அதை மூச்சில் இழுத்தவர்களுக்குக் கை நடுங்கும், வாய் குழறும். கனெக்டிகட்டில் தொப்பிக்குப் பேர்போன டான்பரி என்ற ஊரில் இந்த வியாதியை 'டான்பரி நடுக்கம்' என்றே சொன்னார்கள். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் நின்றது 1941 டிசம்பரில்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த அழகான தொப்பிகளை என்னால் பழைய மாதிரி ரசிக்க முடியவில்லை.

சரி, கென்னடி. பாவம், அவர் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. 1961 ஜனவரி 20இல் எடுத்த படங்களையெல்லாம் தேடிப் பாருங்கள். பட்டுத் தொப்பி, அதுவும் உயரமான பழைய பாணித் தொப்பி, அவரிடம் இருக்கிறது. பதவிப் பிரமாணத்துக்கும் உரைக்கும் மட்டும் கழற்றி வைத்தார். எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த உரைப் படத்தைத்தான். வேடிக்கை என்னவென்றால், 1953இல் அவருக்கு முந்தைய ஜனாதிபதி ஐசனோவர்தான் உயரத் தொப்பியை விட்டுவிட்டுச் சாதாரண ஹோம்பர்க் தொப்பியோடு பதவியேற்றார். பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தவர் கென்னடி!

தொப்பி அவருக்கு வெகு முன்பே சரியத் தொடங்கிவிட்டது. என்னைக் கேட்டால் முதல் குற்றவாளி கார்தான். தாழ்வான கூரையுள்ள காருக்குள் தொப்பியோடு உட்கார்ந்து பாருங்கள், தெரியும். டிராமுக்காக மழையில் நிற்கத் தேவையில்லாதவனுக்குத் தொப்பி ஒரு சுமை.

உங்கள் படத்துக்கே வருகிறேன். மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் ஒருவர் மட்டும் கறுப்பு ஃபெல்ட் தொப்பியில் இருக்கிறார். நான் மே மாத ஆட்டம் என்று பந்தயம் கட்டுவேன். அவர் இன்னும் கடைக்குப் போகவில்லை.