இசெட்டாவா, மெஸ்ஸர்ஷ்மிட்டா? சேகரிக்க எது நல்லது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மன் குட்டிக் கார்களில் முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்கடி ஓட்ட வேண்டுமென்றால் பி.எம்.டபிள்யூ இசெட்டாதான். 1955 முதல் 1962 வரை 1,60,000-க்கும் மேல் தயாரானதால் உதிரி பாகங்களுக்கு அதிகம் அலைய வேண்டாம். முன்பக்கம் முழுவதுமே கதவு. திறந்தால் ஸ்டீயரிங்கும் சேர்ந்து விலகி வழிவிடும். வாங்கும்முன் அடித்தளத்தில் துரு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

என் மனம் என்னவோ மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர்.200 பக்கம்தான். ஃப்ரிட்ஸ் ஃபெண்ட் வடிவமைத்தது. ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும், தலைக்கு மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூண்டு. 191 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜினை நிறுத்தி, எதிர்த்திசையில் சுழலும்படி ஸ்டார்ட் செய்தால் நான்கு கியர்களுமே ரிவர்ஸில் கிடைக்கும்! எண்ணிக்கை குறைவு, அதனால் விலை அதிகம். கூண்டில் விரிசல் இருந்தால் தயங்காமல் பேரம் பேசுங்கள்.

குடும்பத்தோடு போக, நான்கு பேர் அமரும் இன்னொரு ஜெர்மன் குட்டிக் காரான கோகோமொபில் போதும்.