பில் ஜோன்ஸ் சொன்னதும் தலைப்பில் வந்ததும்: கேள்வி பதில்

2010 பிப்ரவரியில் பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளர் பில் ஜோன்ஸைப் பிபிசி பேட்டி எடுத்தது. உடனே டெய்லி மெயில் நாளிதழ், 1995க்குப் பிறகு புவி வெப்பமாகவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகத் தலைப்புப் போட்டது. புள்ளியியல் பாடம் எடுப்பவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகள் இவை.

கேள்வி: அவர் அப்படிச் சொல்லவே இல்லையா சார்?

இல்லை. 1995 முதல் ‘புள்ளியியல்படி உறுதியாகும் அளவுக்கு’ வெப்பம் கூடவில்லை என்பது சரியா என்று கேட்டார்கள். ‘ஆம், ஆனால் மயிரிழையில்தான்’ என்றார். அதோடு நிறுத்தவில்லை. 1995 முதல் 2009 வரை பத்தாண்டுக்கு 0.12 டிகிரி செல்சியஸ் வீதம் கூடியிருக்கிறது, தற்செயல் அல்ல என்று சொல்ல ஆய்வாளர்கள் வைத்திருக்கும் 95 சதவீத உறுதி என்ற எல்லையைத் தொடவில்லை, ஆனால் அதற்கு அருகில் நிற்கிறது என்று எண்ணோடு சொன்னார். கூடியிருக்கிறது என்று சொன்னவர் வாயில் ‘கூடவில்லை’ என்பதைத் திணித்துவிட்டார்கள்.

கேள்வி: கூடியிருக்கிறது, ஆனால் உறுதியில்லை. மழுப்பல் மாதிரி இருக்கிறதே?

ஒரு நாணயத்தை 10 முறை சுண்டுங்கள். 7 முறை தலை விழுந்தால் பெரிதாகச் சந்தேகப்பட மாட்டீர்கள். 100 முறை சுண்டி 70 தலை விழுந்தால்? நாணயத்தில் ஏதோ கோளாறு என்பீர்கள். விகிதம் ஒன்றேதான், மாறியது எண்ணிக்கை. 15 ஆண்டு என்பது 10 முறை சுண்டியது போல. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ வந்த 1998 போல ஒரு வருடம் எகிறும், அடுத்த வருடம் இறங்கும். அதற்குள்ளிருந்து மெதுவான ஏற்றத்தைப் பிரித்துக் காட்ட நீண்ட காலக் கணக்கு வேண்டும். இதையும் ஜோன்ஸ் அதே பதிலில் சொன்னார்.

கேள்வி: செய்திக்குள் ‘புள்ளியியல்படி’ என்று இருந்ததாமே, ஐயா?

இருந்தது. தலைப்பில் இல்லை. பேப்பரைப் புரட்டுகிறவர் மனதில் தங்குவது தலைப்புதான்.

கேள்வி: அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதோ?

அதே பேட்டியில் நேராகவே கேட்டார்கள். வெப்பம் கூடியிருப்பதில் தனக்கு 100 சதவீத நம்பிக்கை என்றார். 1950களுக்குப் பிறகான ஏற்றத்தில் பெரும்பகுதி மனிதச் செயலால் வந்தது என்பதற்குச் சான்று இருக்கிறது என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இவ்வளவு தெளிவான பதிலை ஒதுக்கிவிட்டு அந்த ஒரு ‘ஆம்’ஐ மட்டும் பிடுங்கினார்கள்.

கேள்வி: ‘வெப்பம் கூடியிருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே?

அவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். 2009 நவம்பரில் அவருடைய மின்னஞ்சல்களைத் திருடி வெளியிட்டு, எண்களைத் திரிக்கிறார் என்று பழி சுமத்தியிருந்தார்கள். அந்த நேரத்திலும் கணக்கு என்ன காட்டியதோ அதை அப்படியே சொன்னார். அதை என்னால் குறையாகப் பார்க்க முடியவில்லை.

கேள்வி: அப்புறம் என்ன ஆயிற்று?

2010ஆம் ஆண்டின் எண் சேர்ந்ததும், 1995இலிருந்து போட்ட அதே கணக்கு 95 சதவீத எல்லையைத் தாண்டியது. 2011 ஜூனில் ஜோன்ஸே பிபிசியிடம் இதைச் சொன்னார். கூடுதலாகச் சேர்ந்தது ஒரே ஒரு வருடம்.