கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

கேள்வி: எனக்கு 47 வயது. நடவு, களை பறிப்பு வேலைக்குப் போகிறேன். மாதவிலக்கு இரண்டு மாதம் வராமல் இருந்துவிட்டு, வந்தால் பத்து நாள் கட்டி கட்டியாகப் போகிறது. நடுராத்திரியில் உடம்பு பற்றி எரிந்து புடவை நனைய வியர்க்கிறது. தூக்கமே இல்லை. மருமகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன், பிறகு கொல்லைப்பக்கம் போய் அழுகிறேன். கணவரோடு சேரும்போது எரிச்சலாக இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிடு, நிம்மதி என்கிறார் அக்கா. சம்பா நடவு முடிந்ததும் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நீடாமங்கலம் அருகில்

மருத்துவர் பதில்: வேண்டாம் அம்மா, அவசரப்படாதீர்கள். அக்கா அக்கறையில் சொல்கிறார். ஆனால் உங்கள் உடம்பு எரிவதற்குக் காரணம் கர்ப்பப்பை இல்லை. சினைப்பைகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரப்பது தாறுமாறாகிக் குறைவதால் வரும் சூடு அது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் வியர்வை நிற்காது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தாலோ, மெல்ல மெல்ல வர வேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்து தாக்கும், எலும்பும் சீக்கிரம் பலமிழக்கும். முப்பது வயதிலேயே இரண்டையும் எடுத்துக்கொண்டு, பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆனால் அந்தப் பத்து நாள் போக்கை, 'நிற்கிற காலம், அப்படித்தான்' என்று விடக் கூடாது. நடவு முடியட்டும் என்றும் தள்ளிப்போடாதீர்கள். மன்னார்குடி அரசு மருத்துவமனைக்கோ திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ இந்த வாரமே போங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன் மூன்றும் பார்க்க வேண்டும். 45 வயதைத் தாண்டியவர் என்பதால் கர்ப்பப்பையின் உள்சவ்வில் சிறிது எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வார்கள், பயப்படாதீர்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சேற்றில் குனிந்து நிமிரும்போது கண் இருட்டுகிறதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலும் மாத்திரையிலேயே போக்கு கட்டுப்படும். காப்பர் டி போல உள்ளே வைக்கிற ஹார்மோன் சாதனமும் இருக்கிறது. இவை பலிக்காதபோதோ, பரிசோதனையில் வேறு ஏதாவது தெரிந்தாலோதான் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டும்.

எரிந்து விழுவதைக் கெட்ட குணம் என்று நினைத்து உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு விடிந்ததும் வயலில் இறங்குகிற யாருக்கும் பொறுமை போகும், அதோடு ஹார்மோன் மாற்றமும் சேர்ந்திருக்கிறது. இதை மருமகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். புரிந்துகொள்வார், நாளை அவருக்கும் வரப்போகிற காலம்தானே. எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையாகவே இருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்ல வேண்டும், அதற்கும் சிகிச்சை உண்டு.

மாலைக்கு மேல் காபி, டீ வேண்டாம். அப்படியும் சூடு தாங்கவில்லை என்றால் ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தவர்களுக்கும் பொதுவாக அதைத் தருவதில்லை என்பதால், பழைய நோய் எதையும் மறைக்காதீர்கள். கணவரோடு சேரும்போது எரிவது வறட்சியால் இருக்கலாம். உள்ளே தடவும் க்ரீம் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராவிட்டால்தான் முழுதாக நின்றது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.