கர்ப்பகாலக் காய்ச்சலும் பச்சிளங்குழந்தையின் நுரையீரலும்: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை நல மருத்துவரின் பதில்கள்

ஐந்தாம் மாதத்தில் எனக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்து, ஒரு வாரத்தில் சரியானது. குழந்தையின் நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்குமா? (கும்பகோணம்)

பெரும்பாலும் இராது. ஃப்ளூ வைரஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைவது மிகவும் அரிது. கொரோனாவும் ஏறத்தாழ அப்படித்தான். தாய்க்கு நோய் கடுமையாகி, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, அதனால் பிரசவம் முந்திக்கொள்ளும்போதுதான் குழந்தையின் நுரையீரல் சிக்கலுக்கு உள்ளாகிறது. காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருள் போதிய அளவில் சுரக்க 34, 35 வாரங்களாவது ஆக வேண்டும். குழந்தை நிறைமாதத்தில் பிறந்து, நன்றாகப் பால் குடித்து, இயல்பாக மூச்சுவிட்டால் தனியாக எக்ஸ்ரே எதுவும் தேவையில்லை.

என் மகளுக்கு 32 வாரம். காய்ச்சலோடு வலியும் கண்டதால் ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும் என்கிறார்கள். தொற்று இருக்கையில் போடலாமா? (மன்னார்குடி)

வைரஸ் காய்ச்சல் மட்டும் அதற்குத் தடையில்லை. குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது, 24 முதல் 34 வாரங்களுக்குள், டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டை 6 மில்லிகிராம் வீதம் 12 மணிக்கு ஒரு முறையாக நான்கு ஊசிகள் போடுவது நம் நாட்டு அரசு மருத்துவமனைகளின் வழக்கம். குழந்தையின் நுரையீரல் விரைந்து பக்குவப்பட அது துணைசெய்கிறது. கருப்பைக்குள்ளேயே தொற்று இருப்பதற்கான அறிகுறிகள் உண்டா என்பதை மகப்பேறு மருத்துவர் முதலில் பார்த்துக்கொள்வார். மகளுக்குச் சர்க்கரை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், அளவு ஏறக்கூடும்.

நிறைமாதமாக இருக்கும் என் மனைவிக்கு அம்மை போட்டிருக்கிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை மருத்துவமனைக்குப் போகக்கூடாது என்கிறார் என் அம்மா. (திருவாரூர் அருகே ஒரு கிராமம்)

இன்றே அழைத்துச் செல்லுங்கள். நான் மேலே சொன்ன ஆறுதல் சின்னம்மைக்குப் பொருந்தாது. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் கண்டால், வைரஸ் குழந்தைக்குச் சென்றுவிடுகிறது, அதை எதிர்க்கும் ஆற்றலோ தாயிடமிருந்து சென்றுசேர அவகாசமில்லை. இத்தகைய குழந்தைகளுக்கு உயிரைப் பறிக்கும் அளவுக்கு நிமோனியா வரலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால், பிறந்தவுடன் அந்த எதிர்ப்பாற்றலைத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும், தேவைப்பட்டால் அசைக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் கொடுக்க இயலும். தாய்க்கும் கொப்புளம் கண்ட முதல் நாளிலேயே அசைக்ளோவிர் தொடங்குவது நல்லது, ஏனெனில் கர்ப்பிணிகளின் நுரையீரலையும் சின்னம்மை தாக்குவதுண்டு. மற்றக் கர்ப்பிணிகளுக்குத் தொற்றாமல் தனியிடத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருப்பதால், புறப்படுமுன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வாசலில் வேப்பிலை செருகுவதிலும் சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொள்வதிலும் எனக்கு மறுப்பில்லை. உங்கள் அம்மாவிடம் அதையும் சொல்லுங்கள், அவையிரண்டும் சிகிச்சைக்கு எந்த விதத்திலும் இடையூறல்ல.

இருபது நாள் குழந்தை சில சமயம் வேகமாக மூச்சுவிட்டு, பிறகு சற்று நிறுத்துகிறது. கர்ப்பத்தில் எனக்குக் கொரோனா வந்திருந்தது. (மயிலாடுதுறை)

ஐந்து, பத்து விநாடிகள் நிறுத்தி மீண்டும் தொடர்வது இந்த வயதில் இயல்புதான். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்; 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடியும் எண்ணுங்கள், அப்போதும் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தல், முனகல், மூக்குத்துளை விரிதல், பால் குடிக்க இயலாமை, 20 விநாடிக்கு மேல் மூச்சு நிற்றல், நாக்கு நீலமாதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் எண்ணிக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள்.

குளிப்பாட்டியபின் சாம்பிராணி போடலாமா? (பாபநாசம்)

வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம், அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். அறுவடைக்குப் பின் பக்கத்து வயலில் வைக்கோல் எரித்தால், புகை அடங்கும் வரை அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

எனக்கு இப்போது சளிக்காய்ச்சல். தாய்ப்பால் கொடுக்கலாமா? (நாகப்பட்டினம்)

தாராளமாகக் கொடுக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. அந்தக் காலத்தில் உங்கள் பால்தான் துணை. அடுத்த முறை கருவுற்றால் கர்ப்பத்திலேயே ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் போட்டால் இன்னும் நல்லது.