இரவு மூன்று மணிக்கு மீட்டர் ஏன் ஓடுகிறது?

கேள்வி: வீட்டுத் தண்ணீர் இணைப்பில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தி நான்கு மாதங்கள் ஆகின்றன. மணிக்கு எத்தனை லிட்டர் செலவானது என்று கைப்பேசிச் செயலி காட்டுகிறது. முதல் இரண்டு வாரம் எல்லோரும் ஆர்வமாகப் பார்த்தோம். இப்போது யாரும் திறப்பதே இல்லை, செலவும் குறையவில்லை. இதை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான் இது. ‘நேற்று 610 லிட்டர்’ என்று செயலி சொன்னால் அதை வைத்து யார் என்ன செய்ய முடியும்? எந்தக் குழாய், யார் கை என்று அதில் ஒன்றும் இல்லையே. எனவே மொத்தக் கணக்கை மறந்துவிட்டு, இரவு 2 முதல் 4 மணி வரை உள்ள அளவை மட்டும் ஒரு வாரம் பாருங்கள்.

எல்லோரும் தூங்கும் அந்த நேரத்தில் அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். மணிக்கு வெறும் 5 லிட்டர் காட்டினாலும் நாளுக்கு 120, மாதத்துக்கு 3,600 லிட்டர் வீணாகிறது. தானியங்கித் தோட்டப் பாசனம் போன்றவை இரவில் ஓடுவதில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிப்பறை ஃபிளஷ் தொட்டியை. அதன் அடிப்பகுதி ரப்பர் தேய்ந்தால் சத்தமே இல்லாமல் நீர் கசியும். தொட்டியில் சில துளி உணவு நிறமியை விட்டு, கால் மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் காத்திருங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் கசிவு உறுதி. வீட்டாரின் பழக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் இந்தச் சோதனையை முடித்துவிடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை: மேல்நிலைத் தொட்டிக்கு முன்னால் மீட்டர் இருந்தால், அது காட்டுவது தொட்டி நிரம்பும் நேரத்தை, நீங்கள் குழாய் திறக்கும் நேரத்தை அல்ல. அப்போது மணிவாரி வரைபடத்தை வைத்து யார் மீதும் பழி போடாதீர்கள். பல நாள் சராசரியை மட்டும் நம்பலாம்.

அடுத்தது ஷவர். சுவிட்சர்லாந்தின் சூரிச்சில், ஷவரில் நீர் ஓடும்போதே எத்தனை லிட்டர் என்று காட்டும் சிறு திரையைப் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு குளியலுக்கு நீரைச் சூடாக்க ஆகும் ஆற்றல் செலவு சுமார் 22 சதவீதம் குறைந்தது என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கை குழாயில் இருக்கும்போதே எண் கண்ணில் பட்டதுதான் காரணம். உங்கள் செயலியோ நேற்றைய கதையைச் சொல்கிறது. இந்த இடைவெளியை ஒரு வாளியால் ஈடுகட்டலாம். ஷவருக்கு அடியில் 10 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 50 விநாடி என்றால் நிமிடத்துக்கு 12 லிட்டர். எட்டு நிமிடக் குளியல் 96 லிட்டர். அந்த எண்ணைக் குளியலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

‘உங்கள் பகுதிச் சராசரி’ என்று செயலி காட்டினால் கொஞ்சம் நிதானம் தேவை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் காப் கவுண்டியில் 2007-இல் பிற வீடுகளோடு ஒப்பிட்டு அனுப்பிய கடிதங்கள் பயன்பாட்டைச் சுமார் 5 சதவீதம் குறைத்தன; வெறும் சிக்கனக் குறிப்புகள் அந்த அளவுக்குப் பலிக்கவில்லை. ஆனால் ஒப்பீட்டின் வேகம் நாளடைவில் தணிந்தது. சராசரிக்குக் கீழே இருப்பவர்கள் ‘நாம்தான் குறைவாயிற்றே’ என்று தாராளமாகிவிடும் ஆபத்தும் உண்டு. மின்சாரத்தில் இது ஆய்விலேயே தெரியவந்தது. ஆறு பேர் உள்ள வீட்டை இரண்டு பேர் வீட்டோடு ஒப்பிடுவதிலும் பொருளில்லை. தலைக்கு எத்தனை லிட்டர் என்று வகுத்து, உங்கள் வீட்டின் சென்ற வாரத்தோடு ஒப்பிடுங்கள். விருந்தினர் தங்கிய நாட்களைக் கழித்துவிடலாம்.

தினமும் செயலியைத் திறக்கும் பழக்கம் எவருக்கும் நிலைக்காது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் வையுங்கள்: நீர் பல மணி நேரம் நிற்காமல் ஓடினால் ஒன்று, நாள் அளவு உங்கள் வழக்கமான சராசரியைத் தாண்டினால் இன்னொன்று. மற்ற அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். அந்த இரண்டும் ஒருவருக்கு மட்டுமல்லாமல் வீட்டில் குறைந்தது இருவர் கைப்பேசிக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் உடையும் நாளில் ஒருவர் ஊரில் இல்லாமல் போகலாம்.