வாளும் மந்திரமும் ஒரே ஆளுக்கு: கேள்வி-பதில்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டு) ஆடுகிற பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஆசையைச் சுற்றி வந்தவை: சண்டையும் போட வேண்டும், மந்திரமும் போட வேண்டும். அதற்கு எந்த கிளாஸ், அதாவது எந்த வகைப் பாத்திரம்?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் (டி அண்ட் டி) உங்கள் டர்ன், அதாவது உங்கள் முறை, வரும்போது கையில் இருப்பது ஒரே ஒரு ஆக்‌ஷன். அதை வாளுக்குக் கொடுத்துவிட்டால் மந்திரத்துக்கு மிச்சமில்லை. இந்தச் சிக்கலை எந்த கிளாஸ் எப்படி அவிழ்க்கிறது என்று பார்த்தால் போதும், பாதி குழப்பம் தீர்ந்துவிடும். வேறு மாதிரி சொல்லாத இடங்களில் எல்லாம் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்தே பேசுகிறேன்.

எல்ட்ரிச் நைட், பிளேட்சிங்கர், ஹெக்ஸ்பிளேட். மூணுல எதை எடுக்கிறதுன்னு ஒரு மாசமா மண்டை காயுதுண்ணா. ஒண்ணு சொல்லுங்க.
*(கல்லூரி மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை)*

தம்பி, மூன்றும் தூரத்திலிருந்து பார்க்கத்தான் ஒரே மாதிரி. கிட்டே போனால் மூன்றும் மூன்று வேறு ஆட்கள்.

எல்ட்ரிச் நைட் அடிப்படையில் ஃபைட்டர், அதாவது போர்வீரர். கனமான கவசம், லெவலுக்கு ஒரு டி10 (பத்து முக டைஸ்) உயிர்ப்புள்ளி, அஞ்சாவது லெவலில் இரண்டு அடி, பதினொன்றில் மூன்று அடி. மந்திரம் மூன்றாவது லெவலில்தான் வரும், வந்த பிறகும் மெதுவாகத்தான் வளரும். விசார்ட் (மந்திரவாதி) அஞ்சாவது லெவலிலேயே ஃபயர்பால் என்ற மூன்றாம் நிலை மந்திரத்தைப் போடுவார். எல்ட்ரிச் நைட்டுக்கு மூன்றாம் நிலை ஸ்லாட் (ஒரு மந்திரத்துக்கு ஒன்று செலவாகும் இருப்பு) பதின்மூன்றாவது லெவலில்தான் கிடைக்கும். உங்கள் குழு அதுவரை ஆடுமா என்று யோசித்துப் பாருங்கள்.

பிளேட்சிங்கர் முழு விசார்ட். பதினேழாவது லெவலில் ஒன்பதாம் நிலை மந்திரம் வரை போவார். பிளேட்சாங் என்ற தன் தனித்திறனை ஆரம்பித்துவிட்டால் ஒரு நிமிடத்துக்கு இன்டெலிஜென்ஸ் (இன்ட்) போனஸ் முழுவதும் ஏசியில், அதாவது எதிரியின் அடி எட்ட வேண்டிய தற்காப்பு எண்ணில், சேரும். டெக்ஸ் (சுறுசுறுப்பு) 16, இன்ட் 16 உள்ள ஒருவர் மேஜ் ஆர்மர் என்ற கவச மந்திரம் போட்டுக்கொண்டு பிளேட்சாங்கில் நின்றால் ஏசி 19. ஷீல்டு மந்திரமும் சேர்ந்தால் 24. ஆனால் உடம்பு விசார்ட் உடம்புதான். கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) 14 என்றே வைத்துக்கொள்வோம். அஞ்சாவது லெவலில் அவருக்கு 32 உயிர்ப்புள்ளி, அதே லெவல் ஃபைட்டருக்கு 44. யாராலும் தொட முடியாது, தொட்டுவிட்டால் தாங்காது. ஏசியைப் பார்க்காமலே அடிக்கிற டிராகன் மூச்சுத்தாக்குதல் வந்தால் இவருக்குத்தான் முதலில் வயிறு கலங்கும்.

ஹெக்ஸ்பிளேட் ஒரு வார்லாக், மந்திர சக்தியை ஒப்பந்தம் போட்டு வாங்கியவர். பேசுவதற்கும் கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி), மந்திரத்துக்கும் கரிஸ்மா, வாளுக்கும் கரிஸ்மா. ஒரே எண்ணை ஏற்றினால் எல்லாமே ஏறும். மற்ற இருவரும் இரண்டு மூன்று எண்களுக்கு நடுவில் திண்டாடும்போது இவர் நிம்மதியாக இருப்பார். பத்தாவது லெவல் வரை ஸ்லாட் இரண்டுக்கு மேல் இல்லை என்றாலும் ஷார்ட் ரெஸ்ட் (சின்ன ஓய்வு) எடுத்ததும் திரும்பி வந்துவிடும்.

முதல் தடவை ஆடுகிறீர்கள் என்றால் எல்ட்ரிச் நைட். மந்திரப் பட்டியலைப் படிக்கிற பொறுமையும் பின்வாங்கத் தெரிந்த புத்தியும் இருந்தால் பிளேட்சிங்கர். உங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) அடிக்கடி ஷார்ட் ரெஸ்ட் கொடுக்கிறவர் என்றால் யோசிக்காமல் ஹெக்ஸ்பிளேட். நீங்கள் ஒன்றைச் சொல்லச் சொன்னீர்கள். என் ஓட்டு பிளேட்சிங்கருக்கு. ஆறாவது லெவலில் இரண்டு அடி கிடைக்கும்போது அதில் ஒன்றுக்குப் பதிலாக கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சின்ன மந்திரம்) போடலாம் என்று 2020இல் விதி வந்தது. அதிலிருந்து ஒரே ஆக்‌ஷனில் வாளும் மந்திரமும் இவருக்குச் சுத்தமாகப் பொருந்திவிட்டன.

அஞ்சாவது லெவல் எல்ட்ரிச் நைட் ஆடுறேன். மேஜிக் மிஸைல் போட்டா டிஎம் உட்பட யாருமே கண்டுக்க மாட்டேங்கிறாங்க. நான் எங்க தப்பு பண்றேன்?
*(காசிமேடு)*

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் நிலை ஸ்லாட்டில் மேஜிக் மிஸைல் மூன்று அம்பு, சராசரி 10.5 சேதம். உங்கள் லாங்ஸ்வோர்டு டி8, ஸ்ட்ரெங்த் +4, ஒற்றைக் கை வாள் பாணியான டூயலிங் +2. ஒரே ஒரு அடி விழுந்தாலே அதுவும் சராசரி 10.5. அஞ்சாவது லெவலில் உங்களுக்கு இரண்டு அடி இருக்கிறது. அதுவும் இலவசம். ஆக ஆக்‌ஷனையும் கொடுத்து, இருக்கிற மூன்று ஸ்லாட்டில் ஒன்றையும் கொடுத்து, ஒரு அடிக்குச் சமமானதை வாங்கிக்கொண்டு வருகிறீர்கள்.

எல்ட்ரிச் நைட்டின் ஸ்லாட்டுகளை, எதிரியின் டர்னில் சட்டென்று செய்யும் ரியாக்‌ஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஷீல்டு (ஏசியில் 5 ஏற்றுவது), அப்சார்ப் எலிமென்ட்ஸ் (நெருப்பு, குளிர் போன்ற சேதத்தைக் குறைப்பது) இரண்டும் கட்டாயம். உங்கள் டர்னில் இரண்டு அடி போடுகிறீர்கள். எதிரியின் டர்னில் ஓர்க் கோடாரியை வீசுகிறான், டிஎம் “பத்தொன்பது, படுதா?” என்று கேட்கிறார். உங்கள் ஏசி 18. “ஷீல்டு” என்கிறீர்கள். 23. அந்த அடி மட்டுமல்ல, உங்கள் அடுத்த டர்ன் தொடங்கும் வரை வருகிற ஒவ்வொரு அடிக்கும் அதே 23தான். மேசையில் இருப்பவர்கள் அப்போது கண்டுகொள்வார்கள்.

ஏழாவது லெவலில் வார் மேஜிக் வரும். கேன்ட்ரிப் போட்டுவிட்டு, வழக்கமான ஆக்‌ஷனுக்கு மேல் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் ஒரு அடி. அதற்கு பூமிங் பிளேடு மிகப் பொருத்தம். அந்த கேன்ட்ரிப்பே ஒரு வாள் அடிதான், கூடவே ஒரு டி8 இடி, அடிபட்டவன் தானாக நகர்ந்தால் இன்னும் இரண்டு டி8. பதினொன்றில் மூன்று அடி வந்ததும் இந்தக் கணக்கு திரும்ப மாறும். அப்போது கேன்ட்ரிப் வழியாகப் போனால் ஒரு அடி குறைகிறது. 2024 விதிகளில் இந்தக் குறையைச் சரிசெய்துவிட்டார்கள். வழக்கமான அடிகளில் ஒன்றுக்குப் பதிலாகவே கேன்ட்ரிப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு கையில வாள், இன்னொரு கையில கேடயம். ஷீல்டு மந்திரம் போட முடியாதுன்னு டிஎம் சொல்றார். சரியா?
*(கொருக்குப்பேட்டை)*

சரிதான். ஷீல்டு மந்திரத்துக்குக் கை அசைவு வேண்டும், அதற்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டும். வார் காஸ்டர் ஃபீட் (கூடுதல் திறன்) எடுத்தால் பிரச்சினை தீரும். அடிபடும்போது ஓடிக்கொண்டிருக்கும் மந்திரம் கலையாமல் காக்கும் கான்சன்ட்ரேஷன் சோதனைக்கு அட்வான்டேஜும் (இரண்டு முறை உருட்டி நல்லதை எடுப்பது) கிடைக்கும். இல்லாவிட்டால் கேடயத்தை விட்டுவிட்டு ஒற்றை வாளோடு ஆடுங்கள்.

ஃபைட்டர் பாதி, விசார்ட் பாதின்னு மல்டிகிளாஸ் பண்ணினா எல்ட்ரிச் நைட், பிளேட்சிங்கர் மாதிரி இந்த சப்கிளாஸ் எல்லாம் எதுக்கு?
*(வியாசர்பாடி)*

விதிப்படி தடையில்லை. இன்டெலிஜென்ஸ் 13, ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ் 13 இருந்தால் போதும். ஆனால் அஞ்சாவது லெவலில் என்ன ஆகிறது பாருங்கள். உங்கள் கூட்டாளி ஃபைட்டருக்கு அன்றைக்கு இரண்டாவது அடி வருகிறது, விசார்டுக்கு ஃபயர்பால் வருகிறது. ஃபைட்டர் 2, விசார்ட் 3 என்று நிற்கிற உங்களுக்கு இரண்டுமே இல்லை. பத்தாவது லெவலில் 5-5 என்று வந்து சேரும்போது இரண்டும் கிடைத்துவிடும், ஆனால் பக்கத்தில் இருக்கும் பிளேட்சிங்கர் அதற்குள் அஞ்சாம் நிலை மந்திரம் போட்டுக்கொண்டிருப்பார், இரண்டு அடியும் அவரிடம் இருக்கும்.

பாதிப் பாதி வேண்டாம். விசார்டுக்கு மேல் ஃபைட்டரில் இரண்டு லெவல் மட்டும் என்றால் நியாயம் இருக்கிறது. ஆக்‌ஷன் சர்ஜ் என்ற கூடுதல் ஆக்‌ஷன் கிடைக்கும், ஒரே டர்னில் இரண்டு பெரிய மந்திரம் போடலாம். 2024 விதிகளில் ஆடுகிறவர்கள் இதற்கு ஆசைப்பட வேண்டாம். ஆக்‌ஷன் சர்ஜில் மந்திரம் போடக் கூடாது என்று அடைத்துவிட்டார்கள்.

பாலடினும் சண்டை, மந்திரம் ரெண்டும் செய்றார். அவரை ஏன் யாரும் இந்தக் கணக்குல சேர்க்க மாட்டேங்கிறாங்க?
*(பெரம்பூர்)*

சேர்க்க வேண்டும், சேர்க்காதது தவறு. வாளும் மந்திரமும் ஒரே டர்னில் என்ற சிக்கலை எல்லோரையும்விட எளிமையாகத் தீர்த்தது பாலடின் என்ற புனிதப் போர்வீரர்தான். அடி விழுந்த பிறகு ஒரு ஸ்லாட்டைச் செலவழித்து டிவைன் ஸ்மைட் என்ற கூடுதல் சேதத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் நிலை ஸ்லாட்டுக்கு 2டி8. அடி விழுந்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதால் ஸ்லாட் வீணாகவே ஆகாது. டி20இல் (இருபது முக டைஸ்) 20 விழுந்து கிரிட்டிகல் ஆனால் அந்த டைஸும் இரட்டிப்பு. அதனால் அனுபவமுள்ள பாலடின் ஆட்டக்காரர்கள் சின்ன அடிகளுக்கு ஸ்மைட்டைத் தொடவே மாட்டார்கள். 2024இல் அது போனஸ் ஆக்‌ஷனில் போடும் மந்திரமாக மாறிவிட்டது, டர்னுக்கு ஒரு முறைதான்.

ஆறாவது லெவலில் வரும் அவ்ராவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்து அடி தூரத்துக்குள் நிற்கும் கூட்டாளிகள் எல்லோருடைய சேவிங் த்ரோவிலும் (ஆபத்திலிருந்து தப்பிக்கும் உருட்டல்) பாலடினின் கரிஸ்மா போனஸ் சேரும். ஒரு குழுவைக் காப்பாற்றுவதில் எல்ட்ரிச் நைட்டோ ஹெக்ஸ்பிளேடோ இதற்குப் பக்கத்தில் வர முடியாது.

பாத்ஃபைண்டர் மேகஸ் நல்லா இருக்கும்னு சொல்றாங்களே. மாறலாமா?
*(எம்.கே.பி. நகர்)*

பாத்ஃபைண்டர் டி அண்ட் டி மாதிரியான வேறொரு விளையாட்டு, மேகஸ் அதில் ஒரு கிளாஸ். இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த கிளாஸ் அதுதான். மற்ற கிளாஸ்களில் வாளை மந்திரத்தோடு ஒட்டவைக்கிறார்கள். மேகஸை ஆரம்பத்திலிருந்தே இரண்டும் ஒன்றாக இருக்கும்படி கட்டியிருக்கிறார்கள். 2011இல் முதல் பதிப்புக்கு வந்தது, 2021இல் இரண்டாம் பதிப்புக்கு. நான் சொல்லப்போவது இரண்டாம் பதிப்பைப் பற்றி.

அங்கே ஒரு டர்னுக்கு மூன்று ஆக்‌ஷன். மேகஸின் ஸ்பெல்ஸ்ட்ரைக் இரண்டு ஆக்‌ஷன் எடுக்கும். மந்திரத்தை வாளில் ஏற்றி, ஒரே டி20 உருட்டலில் இரண்டையும் அடிக்கிறீர்கள். கேரம் போர்டில் ரெட்டும் ஃபாலோவும் ஒரே ஸ்ட்ரோக்கில் விழுந்த மாதிரி. கிரிட்டிகல் ஆனால் வாளும் கிரிட்டிகல், மந்திரமும் கிரிட்டிகல். தவறினால் இரண்டும் போச்சு. அடித்த பிறகு ஸ்பெல்ஸ்ட்ரைக்கைத் திரும்பத் தயார்செய்ய ஒரு ஆக்‌ஷன் செலவாகும்.

எங்கள் தண்டையார்பேட்டை மேசையில் புதிதாக மேகஸ் எடுப்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஸ்பெல்ஸ்ட்ரைக்குக்கு இரண்டு, தயார்செய்ய ஒன்று, மூன்றும் தீர்ந்தது. அடுத்த டர்னிலும் அதே. எதிரி நான்கு தப்படி பின்னால் போனால் நம் ஆள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார், ஏனென்றால் நடக்கவும் ஒரு ஆக்‌ஷன் வேண்டும். மேகஸுக்கே உரிய கான்ஃப்ளக்ஸ் மந்திரங்களைப் பழகிக்கொள்ளுங்கள். அவற்றைப் போட்டாலே ஸ்பெல்ஸ்ட்ரைக்கும் தயாராகிவிடும். மேகஸின் பிரிவுகளில் லாஃபிங் ஷேடோ எடுத்தவர்களுக்கு எதிரியின் பக்கத்தில் தாவிப்போய் அடிக்கிற கான்ஃப்ளக்ஸ் மந்திரம் கிடைக்கிறது, நகர்வு, அடி, தயாரிப்பு மூன்றும் ஒரே ஆக்‌ஷனில் முடியும். ஸ்டார்லிட் ஸ்பான் எடுத்தால் வில்லிலேயே ஸ்பெல்ஸ்ட்ரைக் செய்யலாம், நடக்கிற கவலையே குறைந்துவிடும்.

வழக்கமான ஸ்லாட் நான்குதான். உங்களால் முடிந்த உச்ச நிலையில் இரண்டு, அதற்குக் கீழ்நிலையில் இரண்டு. சாதாரண சண்டைகளில் கேன்ட்ரிப்பை ஏற்றி அடியுங்கள், ஸ்லாட்டை பெரிய எதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளாஸுக்காகக் குழு முழுவதையும் விளையாட்டு மாற்றச் சொல்வது பெரிய விஷயம்தான், இருந்தாலும் ஒரு நாள் ஆட்டமாகவாவது முயன்று பாருங்கள்.

என் மகன் பிளஸ் டூ முடிச்சிருக்கான். இந்த விளையாட்டுக்குப் புத்தகம் வாங்கணும்னு ஆயிரக்கணக்குல கேக்கறான். அவ்வளவு செலவு பண்ணித்தான் ஆகணுமா?
*(ஒரு தாயார், திருவொற்றியூர்)*

வேண்டியதில்லை அம்மா. டி அண்ட் டியின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வெளியிட்டுவிட்டார்கள். எஸ்ஆர்டி 5.1 என்று அதற்குப் பெயர், முறைப்படி தரவிறக்கிக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு சப்கிளாஸ் மட்டும் இருக்கும். எல்ட்ரிச் நைட், பிளேட்சிங்கர் எல்லாம் கிடையாது. ஆனால் பாலடின் முழுமையாக இருக்கிறார், வாளும் மந்திரமும் பழக அவர் போதும். மேகஸ்தான் வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தால், பாத்ஃபைண்டர் விதிகள் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் என்ற தளத்தில் வெளியீட்டாளரின் அனுமதியோடு இலவசமாக இருக்கின்றன, மேகஸும் சேர்த்து. டைஸுக்கு மொபைல் செயலி போதும். ஆட்டம் அவனுக்குப் பிடித்துப்போய், நாலு பேர் தொடர்ந்து கூடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள். நாலு பேரும் பங்கு போட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

இந்த மாதிரி கலப்பு கிளாஸ் எல்லாம் எப்ப ஆரம்பிச்சது?
*(மூலக்கொத்தளம்)*

ஆரம்பத்திலிருந்தே. 1974இல் வந்த முதல் டி அண்ட் டியிலேயே எல்ஃப் ஒரு சாகசத்தில் போர்வீரனாகவும் அடுத்ததில் மந்திரவாதியாகவும் மாறிக்கொள்ளலாம். 1981 பேசிக் பதிப்பில் எல்ஃப் என்பதே ஒரு கிளாஸ், வாளும் மந்திரமும் சேர்ந்தது. அதற்கு விலையும் இருந்தது. இரண்டாவது லெவலுக்குப் போக ஃபைட்டருக்கு 2000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), எல்ஃபுக்கு 4000.

நான் டிஎம். என் குழுவுல பிளேட்சிங்கர் ஒருத்தி இருக்கா. அவ இருக்கிறதால பக்கத்துல இருக்கிற சாதா ஃபைட்டர் பையன் முகம் வாடிப்போகுது. கிளாஸை தடை பண்ணிடவா?
*(தண்டையார்பேட்டை)*

தடை செய்யாதீர்கள். அந்தப் பெண் விதியை மீறவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை சண்டை வைக்கிறீர்கள்? ஒன்றுதான் என்றால் பிரச்சினை அங்கேதான். ஒரே சண்டை என்றால் அவர் இருக்கிற ஸ்லாட் எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட்டு லாங் ரெஸ்ட் (இரவுத் தூக்கம்) எடுத்துக்கொள்வார். 2020 விதிப்படி பிளேட்சாங் ஒரு நாளைக்கு ப்ரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோடு வளரும் ஒரு எண்) அளவுதான், அஞ்சாவது லெவலில் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம். நான்காவது சண்டை வரும்போது அவர் மெல்லிய கவசத்தில், 32 உயிர்ப்புள்ளியோடு நிற்பார். ஃபைட்டருக்கு அப்போதும் அதே இரண்டு அடி. ஆக்‌ஷன் சர்ஜும் உயிர்ப்புள்ளியை மீட்கும் செகண்ட் விண்டும் ஷார்ட் ரெஸ்ட்டில் திரும்பி வந்திருக்கும்.

அதனால் அடுத்த செஷனில் நாலு சண்டை வையுங்கள், நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கொடுங்கள், லாங் ரெஸ்ட்டுக்கு இடம் கொடுக்காதீர்கள். கிடங்கு ஒன்று எரிகிறது, உள்ளே ஆட்கள் மாட்டியிருக்கிறார்கள், விடிவதற்குள் வெளியே கொண்டுவர வேண்டும் என்று ஒரு நெருக்கடி வைத்தால் யாரும் தூங்கப் போக மாட்டார்கள். ஒரு சண்டையைக் குறுகலான வாசலில் வையுங்கள். வழியை மறித்து நிற்க ஒரு ஆள் வேண்டும் என்றால் அந்தப் பையனின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மாயப் பொருள் கொடுக்கும்போதும் நல்ல வாள் முதலில் அவன் கைக்குப் போகட்டும்.